எந்த மடையன் வருவான் என்று அமைச்சர் கேட்டார்

போன கிழமை ரிஸானா வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். மருதமுனைப் பிள்ளை. இப்போது கொழும்பில் அரபி மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய காலத்தில் என்னோடு சில கூட்டங்களில் நின்றவர். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்திருந்தார்.

“சேர், அந்த வீடியோவப் பார்த்தீங்களா? வெளிநாட்டுக்காரன்ட மேடையில ஏறி நிண்டு, எங்கட நாட்டுல ஒரு கம்பனி தொடங்குறதவிட கடலுக்குள்ள வீடு கட்டுறது லேசு எண்டு எங்கட மந்திரி சொல்றார். பக்கத்துல நிண்டு மொழிபெயர்த்தது நான்தான். இப்ப பேஸ்புக்ல அவருக்கு ஏசினது போக மிச்சத்த எனக்கு ஏசுறாங்க. கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லியிருக்கலாம்தானே எண்டு எங்கட ஒபிஸ்லயே கேக்குறாங்க. மெதுவாக்கியிருக்கணுமா சேர்?”

நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். பாதிப்பேர் பேசியவரை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்கிறார்கள். மீதிப்பேர், உள்ளதைத்தானே சொன்னார் என்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருக்க, நடுவில் நின்று வாயை இரவல் கொடுத்த பிள்ளையை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லப் போனை எடுத்தேன். பேசுவதும் அழிப்பதுமாக நேரம் போனது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மந்திரிமார்ட வாயா இரிந்த மனிசன், ஒரு போனுக்குக் கதைக்க வழியில்லாம நிக்கிறார்” என்றார்.

ஆகவே எழுதுகிறேன். இந்த விசயத்தில் பேச எனக்கு உரிமை இருக்கிறது. சொந்த நாட்டைப் பிறத்தியார் முன்னால் பிய்த்துப் போட்ட எத்தனையோ அரசியல்வாதிகளுக்கு நான் வாயாக இருந்திருக்கிறேன். ஒரு தடவை, அப்படியொரு பேச்சினால் நம்மூர் மனிதர் ஒருவரின் நெல் ஆலையே கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைச் சொன்னால் ரிஸானாவுக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் கல்முனைக்குடியில் பிறந்து, அரபுக் கல்லூரியில் ஓதி, மௌலவியாகப் பட்டம் வாங்கி, வளைகுடாவுக்குப் போனவன். அங்கே ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை செய்தபோதுதான், நான் கிதாபில் ஓதிய அரபியை எந்த அரபியும் சந்தையில் பேசுவதில்லை என்று தெரிந்தது. சுமை ஏற்றுகிறவர்களிடமும் சுங்கக்காரர்களிடமும் ஏச்சு வாங்கி வாங்கி மற்ற அரபியைக் கற்றேன். அதன் பிறகு எங்கள் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். படித்த கதை இவ்வளவுதான். உண்மையில் என்னை ஆளாக்கியவர் அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த சோமலதா மேடம்.

மேடம் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. அரபியில் ஒரு சொல் தெரியாது. தமிழில் ‘வணக்கம்’, ‘சாப்பிட்டதா’ என்ற இரண்டோடு சரி. என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். இவர் எங்கே என் மொழிபெயர்ப்பில் குறை பிடிக்கப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது. முதல் கூட்டம் முடிந்ததுமே அறைக்குக் கூப்பிட்டார்.

“விலையைப் பற்றிக் கேட்டபோது நம் ஆள் சொன்ன பதிலில் நீ எதையோ விழுங்கிவிட்டாய்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

“நான் உன் வாயைப் பார்ப்பதில்லை. கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். நம் ஆள் கோபமாகச் சொன்னார். கேட்ட அரபி சிரிக்கிறார். நடுவில் அந்தக் கோபம் எங்கே போனது?”

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அமைச்சர் சொல்கிறார்’ என்று சொல்லி அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளியக் கூடாது. கூட்டி, குறைத்து, இனிப்புப் போட்டுக் கொடுக்கக் கூடாது. விருந்தில் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் வாயில் சோறு இருந்தால் வேலை நிற்கும். இதனால் வளைகுடாவின் பெரிய பெரிய விருந்துகளையெல்லாம் நான் வாசனையால் மட்டுமே அறிவேன். முன்கூட்டியே அறையில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் போய், முழு ஆடு கிடக்கும் தட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தச் சட்டங்கள் எனக்கு முதலில் கசந்தன. பிறகு அவற்றில் ஒரு சுகம் கண்டேன். எங்கள் கரையோரத்தில் முகத்துக்கு நேரே ‘ஏலாது’ என்று சொல்லும் பழக்கம் கிடையாது. ‘பார்ப்பம்’ என்போம். கல்முனை மீன் வியாபாரி ஒருவர், மாதாமாதம் நண்டு அனுப்ப முடியுமா என்று கேட்ட அரபியிடம் கீழே பார்த்துக்கொண்டு ‘பார்ப்பம்’ என்றார். விளக்கம் சொல்ல என் நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. அதே சொல்லை, அதே தாழ்ந்த குரலில், நானும் கீழே பார்த்துக்கொண்டு அரபியில் சொன்னேன். அந்த மனிதருக்கு உடனே விளங்கிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார். மேடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் நான் வாங்கிய முதல் சிரிப்பு அது.

அரசியல்வாதிகளுக்கு வருவோம். வெளிநாடு வரும் நம் அரசியல்வாதிகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நாட்டை வானளாவப் புகழும் சாதி. இவர்கள் பேசினால் நமக்கே அந்த நாட்டுக்குக் குடிபோக ஆசை வரும். மற்றது, நாட்டைத் தூற்றும் சாதி. மின்சாரம் இல்லை, உத்தியோகத்தர் சரியில்லை, சனம் சோம்பேறி, எல்லாம் போன அரசாங்கம் செய்த நாசம் என்று அடுக்குவார்கள். தூற்றினால் தங்களை நேர்மையானவர் என்று வெள்ளைக்காரனும் அரபியும் நம்புவார்கள் என்பது இவர்களுடைய கணக்கு.

ஒரு எம்.பி., ஹோட்டல் மண்டபத்தில் முதலீட்டாளர்கள் நடுவே இருந்துகொண்டு, “எங்கட ஆக்களுக்கு வேலை செய்ய உடம்பு வளையாது” என்று சொன்னார். அப்போது அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் பொத்துவில்காரர். ஊரில் பேரப்பிள்ளை கண்ட மனிதர், விடியற்காலையிலிருந்து அந்த மண்டபத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர். நான் அந்த வசனத்தை அரபியில் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த சுற்றுக் கோப்பி எல்லோருக்கும் வந்தது, எம்.பி.க்கு மட்டும் வரவில்லை. நான் வெளியே போகும்போது அந்தப் பொத்துவில்காரர் என்னிடம், “மௌலவி, அவர் தமிழில சொன்னது எனக்கு அவ்வளவாச் சுடல்ல. நீங்க அரபியில சொன்னதுதான் நல்லாச் சுட்டிச்சி” என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி, மீராலெவ்வைக் காக்காவின் கதை. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

சம்மாந்துறையில் அவருக்கு நெல் ஆலை. தகப்பன் காலத்திலிருந்து நெல் அவித்து, களத்தில் காயவைத்து, குற்றி அனுப்பும் ஆலை. நவீன இயந்திரம் போட்ட வெளி மாவட்டத்துப் பெரிய ஆலைகளோடு போட்டி போட முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படியொரு பெரிய ஆலைக்காரர் அதை விலைக்குக் கேட்டார். குடும்பத்தில் மற்றவர்கள் விற்றுவிடலாம் என்று நின்றார்கள். மீராலெவ்வைக் காக்கா ஒருவர்தான் மறுத்தார். “வித்தா அவனுகள் அத நெல்லு அடுக்குற ஸ்டோராத்தான் வெப்பானுகள், மௌலவி. அவிக்கிற ஆக்களுக்கும் வேலையில்ல, களத்துல காயப்போடுற பொம்புளையளுக்கும் வேலையில்ல. எங்கட வயல்காரன் நெல்லோட எங்க போவான்?” என்று என்னிடம் சொன்னார். பெரும்போக அறுவடைக்குள் ஒரு கூட்டாளியைக் கொண்டுவருகிறேன், இல்லாவிட்டால் நானே கையெழுத்துப் போட்டு விற்றுத் தருகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வர்த்தகக் குழுவோடு விமானம் ஏறியிருந்தார்.

எங்கள் தூதரகம் இருந்த நகரத்தில் அபூ ஸாலிம் என்ற உணவுப்பொருள் வியாபாரியை மேடம் கண்டுபிடித்து வைத்திருந்தார். வயதான மனிதர். பல கடைகள் வைத்திருந்தும் சின்னக் கடையின் முன்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதலீட்டாளர் கூட்டம் இருந்த நாள் காலையில் அவருடைய கடையில் அவரும் மீராலெவ்வைக் காக்காவும் நானும் உட்கார்ந்து பேசினோம். மீராலெவ்வைக் காக்கா மடியில் முடிந்து கொண்டுவந்த அரிசியைக் கொட்டிக் காட்டினார். எந்த வயல், எந்தக் குளத்துத் தண்ணீர், எவ்வளவு நேரம் அவிப்பது என்று அவர் சொல்லச் சொல்ல நான் அரபியில் சொன்னேன். அபூ ஸாலிம் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். நிறம் பிரிக்கும் இயந்திரத்தையும் பொதி செய்யும் இயந்திரத்தையும் தான் போடுவதாகவும், அரிசியைத் தன் கடைகளுக்கு எடுப்பதாகவும் சொல்லிக் கை கொடுத்தார். பகல் கூட்டத்துக்குத் தானும் வருவதாகவும், அது முடிந்ததும் பத்திரத்தில் கையெழுத்திடலாம் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் மீராலெவ்வைக் காக்கா ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

பகல் கூட்டத்தில் பேச வந்தவர் எங்கள் மாவட்டத்துக்கு நன்கு பழக்கப்பட்ட ஒரு அமைச்சர். பெயர் வேண்டாம். தமிழில் பேசினால் தேன் சொட்டும் என்று பேர் வாங்கியவர். மேடம் அவருக்கு அளவான ஒரு பேச்சைத் தயாரித்துக் கொடுத்திருந்தார். அமைச்சர் மேடையில் ஏறி மண்டபத்தைப் பார்த்தார். முன் வரிசைகளில் வெள்ளை உடுப்போடு அரபி வியாபாரிகள். பின் வரிசைகள் முழுக்க நம் ஆட்கள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று அங்கே தொழில் செய்யும் பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அமைச்சரைக் கண்டதும் விசிலடித்தார்கள்.

அதோடு பேச்சுத்தாள் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அமைச்சருக்கு அது வளைகுடா மண்டபம் என்பது மறந்துவிட்டது. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் தேர்தல் கூட்டம் நடக்கிறது என்ற நினைப்பில், முன் வரிசையைத் தாண்டிப் பின் வரிசையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு வசனத்தையும் கேள்வியாக எறிந்தார். அவர் கை தட்டலுக்காக நிறுத்தும் இடங்களில்தான் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

“ஒரு பெக்டரி போட எத்தின கந்தோர் ஏறி இறங்கணும்?”

பின்னால் கைதட்டல். நான் அரபியில் சொன்னேன். முன் வரிசை உன்னிப்பாகக் கேட்டது.

“மேசைக்குக் கீழால குடுக்காம ஒரு பைல் நகருமா?”

மறுபடியும் கைதட்டல், சிரிப்பு. நான் சொன்னேன். முன் வரிசையில் ஒருவர் மற்றவரின் காதில் எதையோ முணுமுணுத்தார்.

“இப்பிடியாப்பட்ட நாட்டுல காசு போட எந்த மடையன் வருவான்?”

பின் வரிசை எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. அமைச்சர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, அந்த ஆரவாரம் அடங்கட்டும் என்று நின்றார். அதற்குப் பிறகு ‘ஆனால் நாங்கள் வந்துவிட்டோம்’ என்று வரப்போகிறது என்பது எனக்கும் தெரியும், பின்னால் இருந்த பிள்ளைகளுக்கும் தெரியும். நம்மூர் மேடையில் கேள்விக்குப் பிறகு ‘ஆனால்’ வராமல் இருக்காது. முன்னால் இருந்த அரபிகளுக்கு அந்தப் பழக்கம் எப்படித் தெரியும்? நான் பேச வேண்டிய நேரமோ இது. முன் வரிசையின் நடுவில் அபூ ஸாலிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மீராலெவ்வைக் காக்கா, முகத்தில் ரத்தமில்லாமல்.

மடையன் என்பதற்கு அரபியில் அஹ்மக் என்று கூர்மையான சொல் இருக்கிறது. ‘விபரம் அறியாதவர்’ என்ற மாதிரி மெத்தை போட்ட சொற்களும் இருக்கின்றன. ‘அமைச்சர் கேட்கிறார்’ என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து நான் கையைக் கழுவியிருக்கலாம். எல்லாம் நினைவுக்கு வந்தன. அமைச்சர் சொன்ன சொல் மடையன். நான் அஹ்மக் என்றேன். அவர் சொன்ன அதே சூட்டோடு சொன்னேன்.

அபூ ஸாலிம் எழும்பித் தன் தடியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். அமைச்சரின் ‘ஆனால்’ வந்து சேர்ந்தபோது முன் வரிசையில் நாலைந்து கதிரைகள் காலியாக இருந்தன. அந்த ‘ஆனால்’ எல்லாவற்றையும் நான் ஒன்று விடாமல் காலிக் கதிரைகளுக்கு மொழிபெயர்த்தேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அமைச்சர் என் மேல் பாய்ந்தார்.

“என்ன மௌலவி சொன்னீங்க அவனுகளுக்கு? நான் அப்பிடியா சொன்னேன்?”

“ஓம் சேர். ஒரு சொல்லும் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”

மேடம் குரலை உயர்த்தவில்லை. “அவர் பேசியதை எனக்குச் சிங்களத்தில் சொல்” என்றார். கேள்வி கேள்வியாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அமைச்சரிடம், “சேர், இதில் நீங்கள் சொல்லாத சொல் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். அமைச்சர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். நாட்டில் பைல் நகராது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொன்னதிலும் வெட்கம் இல்லை. பிரச்சினை வந்ததுதான் பிரச்சினை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தார். “சரி, இப்பிடிச் செய்வம். மொழிபெயர்ப்புல ஒரு சின்னத் தவறு நடந்துட்டெண்டு சொல்லுவம். உங்களுக்கு ஒண்டும் ஆகாது, நான் பாத்துக்கிறன். நாட்டுக்காகத்தானே, மௌலவி.”

சற்று முன் நாட்டைக் கந்தலாக்கிய வாயால் அவர் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மேடம் என்னைப் பார்த்தார். “உன் பெயர். உன் முடிவு. நான் கட்டளையிட மாட்டேன்” என்றார்.

அமைச்சருக்கு மறுப்புச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. வெளியே வந்தபோது மீராலெவ்வைக் காக்கா என் கையைப் பிடித்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

“மௌலவி, அல்லாவுக்காகக் கேக்கன். உங்கட பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லிருங்க. அந்த மனிசன் மனம் மாறிருவார். என்ட மில்லு தப்பிரும். நீங்க நம்மூராள் தானே.”

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஆனால் என் மூளை தெளிவாகத்தான் இருந்தது.

“காக்கா, நல்லாக் கேளுங்க. காலம்பற உங்கட அரிசியப்பத்தி அவருக்குத் தெரிய வந்ததெல்லாம் என்ட வாயால போனதுதான். அந்த வயலும், அந்தக் குளமும், நீங்க அவிக்கிற பக்குவமும். நான் பிழையாச் சொல்ற ஆளெண்டு இப்ப நானே போய்ச் சொன்னா, காலையில சொன்னதும் பிழையாயிருமே? அவர் அந்தப் பத்திரத்துல எத நம்பிக் கையெழுத்து வெப்பார்?”

அவர் என் கையை விட்டார். “வாங்க போவம்” என்றேன். “நீங்க கதைங்க. நீங்க கதைக்கிறத அப்பிடியே நான் சொல்றன்.”

மேடம் காரைத் தந்தார். அபூ ஸாலிம் வீட்டில், தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு ஆயத்தமாக நடுவில் சகன், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, வைத்திருந்தது. எங்களை இருக்கச் சொன்னார். முகம் இறுகியிருந்தது. முதல் கேள்வி எனக்கு.

“அஹ்மக் என்று சொன்னது அவரா, நீயா?”

“அவர் சொன்னார். நானும் சொன்னேன்.”

“அதைவிட மெல்லிய சொல் உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அவர் மெல்லிய சொல் பாவிக்கவில்லை. இன்று காலை உங்கள் கடையில் பேசிய வாயும் இதே வாய்தான்.”

அவர் தடியை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். பிறகு மீராலெவ்வைக் காக்காவின் பக்கம் திரும்பினார். “உங்கள் அமைச்சர் சொன்னவை உண்மையா?”

மீராலெவ்வைக் காக்கா என்னைப் பார்த்தார். என்ன சொன்னால் மில் தப்பும் என்று அவர் என் முகத்தில் தேடினார். என் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை, அது என் தொழில். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

“முக்கால்வாசி உண்மைதான் ஹாஜியார். கந்தோர் கந்தோரா நானும் அலைஞ்சிரிக்கன். இன்னும் அலைவன். கரண்ட் போகும், ஜெனரேட்டர் வெச்சிரிக்கன். வெள்ளம் வந்தா ரோட்டு மூடும், அப்ப லொறி நிக்கும். இதெல்லாம் இல்லையெண்டு சொல்லி உங்கள நான் கூட்டிட்டுப் போக மாட்டன். ஆனா அவ்வளவத்துக்குள்ளயும் என்ட மில்லு ஓடிட்டுத்தான் இரிக்கி. அவிச்ச நெல்லு ஒரு நாளும் பதம் பிழைச்சதில்ல. அமைச்சர் இண்டைக்கி ஒண்டு சொல்லுவார், நாளைக்கி வேற ஒண்டு சொல்லுவார். எனக்குப் போக வேற இடமில்ல. நான் அங்கதான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போவன். நீங்க தாற மெசினுக்கு நான்தான் பொறுப்பு.”

அமைச்சர் சொன்ன அதே குறைகள்தான். ஆனால் அமைச்சர் அந்த நாட்டைத் தன் எதிரிக் கட்சிக்காரனுடைய வீடு போல ஏசினார். இவர் தன் வீட்டுக் கூரையின் ஒழுக்கைக் காட்டுகிறவர் போலச் சொன்னார். வெளிநாட்டில் வைத்து நாட்டைக் குறை சொல்லலாமா என்று பேஸ்புக்கில் சண்டை பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். குறை சொல்லலாம். அந்தக் குறைக்குள் நாளைக் காலையும் எழும்பப் போகிறவராகச் சொல்ல வேண்டும்.

நான் அரபியில் சொல்லி முடிக்கும்வரை அபூ ஸாலிம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சகனைத் தன் பக்கம் இழுத்து, மீராலெவ்வைக் காக்காவுக்கு இறைச்சியைப் பிய்த்து வைத்தார். பிறகு எனக்கும் வைத்தார். எனக்கு விருந்தில் சாப்பிடும் வழக்கம் இல்லை, சாப்பிட்டால் மொழிபெயர்க்க முடியாது என்றேன்.

“நீ சாப்பிடும்வரை நாங்கள் பேச மாட்டோம்” என்றார் அபூ ஸாலிம். “எத்தனையோ நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் என் வீட்டில் தேன் மாதிரிப் பேசியிருக்கிறார்கள். என் முகத்துக்கு நேரே என்னை மடையன் என்று சொன்ன முதல் ஆள் நீ. அதனால்தான் இவர் சொன்னதை நம்புகிறேன். சாப்பிடு.”

மூன்று பேரும் ஒரு சகனில் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டோம். வளைகுடாவில் நான் சாப்பிட்ட முதல் விருந்து அது. எவ்வளவு ருசியான சோற்றை இத்தனை காலமும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன் என்று மேடத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலே வந்துவிட்டது. கை கழுவியபின் அபூ ஸாலிம் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். மீராலெவ்வைக் காக்கா கையெழுத்துப் போடும்போது அழுதார். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன்பே இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. கந்தோர்கள் ஏறி இறங்கித்தான் வந்தன, மீராலெவ்வைக் காக்கா ஒன்றையும் மறைத்துச் சொல்லியிருக்கவில்லை. திறப்பு விழாவுக்கு அபூ ஸாலிம் சம்மாந்துறைக்கே வந்தார். மேடம் அப்போது வேறு நாட்டுக்கு மாற்றலாகியிருந்தார். லீவு எடுத்துக்கொண்டு நான் வந்தேன். பிரதம அதிதி யாரென்று நினைக்கிறீர்கள்? அமைச்சரேதான். நம் பக்கத்தில் ஒரு கடை திறந்தாலும் அரசியல்வாதி இல்லாமல் நாடா வெட்ட மாட்டார்கள்.

நெல் காயும் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவிக்கிற ஆட்களும், காயப்போடும் பெண்களும், வயல்காரர்களும், வீதி முழுக்க உழவு இயந்திரங்களுமாக ஊரே நின்றது. அமைச்சருக்குப் பொன்னாடை மேல் பொன்னாடை. அவர் மைக்கைப் பிடித்தார்.

“தொழில் செய்ய எங்கட நாட்டப் போல நல்ல நாடு உலகத்துல எங்க இரிக்கி? நம்பிக் காசு போட இதவிட நல்ல இடம் இரிக்கா?”

களம் அதிர்ந்தது. நான் அபூ ஸாலிமின் காதில், இடப்பக்கம் அரை அடி பின்னால் இருந்து, ஒவ்வொரு கேள்வியையும் அரபியில் சொன்னேன்.

“அதே மனிதரா?” என்று அவர் கேட்டார்.

“அதே மனிதர்தான்.”

அபூ ஸாலிமையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அரபியில் மெதுவாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

“கௌரவ அமைச்சர் எங்கள் நகரத்துக்கு வந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். நான் அன்று பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டேன். அது மரியாதையில்லை. இந்த நாட்டில் காசு போட எந்த மடையன் வருவான் என்று அவர் கேட்டார்.”

அமைச்சரின் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. அபூ ஸாலிம் தன் நெஞ்சில் கையை வைத்து ஒரு வசனம் சொன்னார். நானும் என் நெஞ்சில் கையை வைத்தேன். அவர் ‘நான்’ என்றதால் நானும் ‘நான்’ என்றே சொன்னேன்.

“அந்த மடையன் நான்தான்.”

மேடம் சொல்லித்தந்த மாதிரி, கேட்கிறவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒரு கணம்தான். பிறகு காயப்போடும் பெண்கள் முதலில் சிரித்தார்கள், அதன் பின் களம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. மீராலெவ்வைக் காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அமைச்சரும் வேறு வழியில்லாமல் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி கேட்டார்:

“மௌலவி, அந்த மனிசன் அப்பிடியா சொன்னார்?”

“ஓம் சேர்” என்றேன். “ஒரு சொல்லும் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல.”